வலி இல்லாத நாளின் ரத்தம்

நான்கு வருடமாக அந்த மூட்டு டாக்டர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். ரிப்போர்ட் நல்லா இருக்கே, அப்புறம் என்ன? சொன்ன கையோடு அடுத்த ஆளுக்கு மணி அடித்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரிப்போர்ட் நல்லா இருந்தால் அதைத் தூக்கி மடியில் வைத்துக் கொஞ்சட்டும், என் கையைப் பார்க்க வேண்டாமா?

எனக்கு முடக்குவாதம். என் உடம்பே என் மூட்டுகளைக் கடித்துத் தின்கிற வியாதி. மாதத்தில் முக்கால்வாசி நாளை மாத்திரையைப் போட்டு ஓட்டிவிடுவேன். மாதவிலக்குக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஆரம்பிக்கும் பாருங்கள், விரல்கள் வீங்கி, மணிக்கட்டு கொதித்து, பல் துலக்கும் பிரஷைக்கூடப் பிடிக்க முடியாது. மகளுக்குப் பின்னல் போட முடியாது. அவள் அப்பா முடிந்துவிடும் கொண்டை மதியத்துக்குள் அவிழ்ந்து, பிள்ளை பரட்டைத் தலையோடு பள்ளியிலிருந்து திரும்பும்.

இதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டவர் ஒருவர்தான், பெண்கள் பிரிவு டாக்டரம்மா. விலக்கோடு ஏறி இறங்குகிற வலி என்றால் ஹார்மோன் மருந்து கொடுத்து விலக்கை நிறுத்திப் பார்க்கலாம், சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது, ஆறு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். ஆனால் மூட்டு டாக்டர் சம்மதித்து எழுத வேண்டும். அவரோ ரத்தத்தில் அழற்சியே இல்லை, ஹார்மோன் எதற்கு, மனசை லேசாக வைத்துக்கொண்டு யோகா பண்ணுங்கள் என்றார். மணிக்கட்டை மடக்க முடியாதவளுக்கு யோகாவாம்.

வீட்டுக்காரரும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார். பள்ளி வேன் ஓட்டுகிறவர், நல்ல மனுஷன்தான். ஆனால் வெள்ளைக் கோட்டுப் போட்டவர் எதைச் சொன்னாலும் இவருக்கு அதுதான் வேதவாக்கு. அவ்வளவு படித்தவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்துவிடுமா என்று ஒருநாள் கேட்டார். அதற்கப்புறம் இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், என் தொழிலே ரத்தம் எடுப்பது. ஒரு பரிசோதனைக் கூடத்தில் காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால், காலி வயிறும் கடுகடுத்த முகமுமாக வருகிற நாற்பது பேரின் கையில் நீல ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டி எழுப்பி, ஊசி குத்துகிறவள். எந்தப் பரிசோதனைக்கு எத்தனை மணி நேரம் பட்டினி, எந்த நேரத்தில் வர வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துவேன்.

பக்கத்து நாற்காலிக்காரியைப் பஞ்சு என்று கூப்பிடுவோம். தினமும் சட்டைப் பை நிறைய பஞ்சோடு வீட்டுக்குப் போய்விடுகிற மறதிக்காரி. ஐந்து நாள் விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய ஒரு காலையில், டாக்டர் எழுதிய சீட்டை வைத்துவிட்டு வழக்கம்போல அவளிடம் கையை நீட்டினேன். பட்டையைக் கட்டப் போனவள் அப்படியே நிறுத்தினாள்.

"ஏன்டி, எப்பவும் வலி போனப்புறம்தான கைய நீட்டற? வலிக்கற அன்னிக்கு உன் ரத்தத்த யாரு எடுத்தா?"

யாரும் எடுக்கவில்லை. வலிக்கிற நாளில் நான் வீட்டில் படுத்துக் கிடந்தேன். எழுந்து வேலைக்கு வர முடிந்த நாளில், இங்கேதானே இருக்கிறோம் என்று ரத்தம் கொடுத்தேன். நான்கு வருடமும் நல்ல நாளின் ரத்தம். தலையில் அடித்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் நேரம் சொல்கிறவள் என் விஷயத்தில் கோட்டை விட்டிருக்கிறேன். என் மேல் வந்த கோபம் ஒரு பங்கு என்றால் அந்த டாக்டர் மேல் வந்தது பத்துப் பங்கு. இது எந்த நாளில் எடுத்த ரத்தம் என்று அந்த மனுஷன் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாமே.

அடுத்த மாதம், வலி உச்சத்தில் இருந்த நாளில், என்னை வேனில் பரிசோதனைக் கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போகும்படி வீட்டுக்காரரிடம் சொன்னேன். செருப்பையும் அவர்தான் மாட்டிவிட்டார். படி ஏற்றிவிடும்போது என் மணிக்கட்டின் சூடு அவர் கையில் பட்டது. சட்டென்று பிடியை விட்டு, முழங்கையைத் தாங்கிக்கொண்டார். பஞ்சு ரத்தம் எடுத்தாள். இப்படியே மூன்று மாதம். மூன்று தாளிலும் அழற்சி எண் வழக்கத்தைவிட ஏழெட்டு மடங்கு.

தாள்களை டாக்டரின் மேசையில் பரப்பினேன். கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். இதை ஏன் முன்னாடியே காட்டவில்லை என்று என்னையே கேட்டார். நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கினேன், காரியம் ஆக வேண்டுமே. சரி, ஹார்மோன் எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"வீட்டுக்காரர வரச் சொல்லுங்க. விலக்க நிறுத்தற விஷயம். அவரு கையெழுத்து இல்லாம எழுத முடியாது."

நான்கு வருடமாக அடக்கி வைத்திருந்தது அத்தனையும் அப்போது வெடித்தது.

"வெளியிலதான் உக்காந்திருக்காரு. கூப்பிட மாட்டேன். வலி எனக்கு, வீங்கறது என் விரலு, கையெழுத்து மட்டும் அவருதா? மருந்து தர மாட்டீங்கன்னா அதையும் இந்த ஃபைல்லயே எழுதுங்க. வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாததால கொடுக்கலன்னு எழுதி, கீழ உங்க கையெழுத்தப் போடுங்க. நான் வாங்கிட்டுப் போறேன்."

அவர் மணியின் மேல் கை வைத்தார். அடிக்கவில்லை. நான் நாற்காலியை விட்டு அசையவில்லை. டாக்டர் மணியிலிருந்து கையை எடுத்து, பேனாவைத் திறந்து மருந்தை எழுதினார். நான் நன்றி சொல்லவில்லை.

எனக்கு அந்த மருந்து கேட்டது. ஆறு மாதத்தில், படுத்துக் கிடக்கிற நாள் ஐந்திலிருந்து ஒன்றானது. மகளுக்கு இரட்டைப் பின்னல் போடுகிறேன். ஆனால் வலது கையில் இரண்டு விரல்கள் கோணிப் போனது கோணிப் போனதுதான், இனி எந்த ஹார்மோனும் அவற்றை நிமிர்த்தாது. அவர் மணி அடித்த நான்கு வருடத்தில் போன விரல்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

போன வாரம் ஒரு பெண் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அதே டாக்டரின் சீட்டு, அதே பரிசோதனை. பட்டையைக் கட்டிவிட்டு, இன்றைக்கு வலி எப்படி என்று கேட்டேன்.

"இன்னிக்குப் பரவால்லக்கா. அதான் வந்தேன். ரொம்ப முடியாத அன்னிக்கு எங்க வர்றது?"

கட்டிய பட்டையை அவிழ்த்தேன். சீட்டின் பின்னால் என் போன் நம்பரை எழுதினேன். கோணல் விரலில் எழுத்தும் கோணலாகத்தான் வந்தது.

"அன்னிக்குக் கூப்பிடும்மா. ஊசிய எடுத்துக்கிட்டு நானே வர்றேன்."