பதினெட்டு முறை நாலு

இளம்பரிதி குடிவந்தபோது அவன் வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. பதினோரு ஆண்டுகளில் அது முதல் மாடிக்கு வந்துவிட்டது. கதவு எண் மாறவில்லை. தபால் ஒழுங்காக வந்தது. கீழ் வீட்டுக்காரர்கள் குனிந்து நடக்கப் பழகிக்கொண்டார்கள்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு தென்னை நின்றது. முதலில் அதன் மட்டைகள் தெரிந்தன. இப்போது நடுமரம் தெரிந்தது. மரம் வளர்கிறது என்று இளம்பரிதி நினைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் உணவு மேசையில் ஆட்டம் தொடங்கும். இளம்பரிதி கதை சொல்வான். ஜெசிந்தாவும் ஷாகுலும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பெயரில் வாழ்வார்கள். வெட்டு விழுந்ததா, தப்பியதா என்பதை இருபது முகங்கள் கொண்ட ஒரு பகடை சொல்லும். வீட்டில் இருந்தது ஒரே பகடை. அது கை மாறிக்கொண்டே இருக்கும்.

எதிரிகளுக்காக உருட்டுகிறவன் இளம்பரிதி. அவன் மட்டும் ஓர் அட்டைத் தடுப்பை முன்னால் நிறுத்தி, அதற்குப் பின்னால் உருட்டுவான். கதை நடத்துபவனுக்கு அந்த உரிமை உண்டு. விழுந்த எண்ணை அவன் வாயால் சொல்வான். மற்றவர்கள் நம்புவார்கள்.

ஜெசிந்தா பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். கதைக்குள் அவள் வேல்கொடி என்ற வீராங்கனை. வேல்கொடியின் பலம், காயம், இன்னும் எத்தனை அடி தாங்குவாள் என்று காட்டும் உயிர்ப்புள்ளி எல்லாவற்றையும் பதினோரு ஆண்டுகளாக ஒரே தாளில் எழுதி அழித்து எழுதி வந்தாள். தாள் துணி போல ஆகியிருந்தது.

அன்று கதையில் பாலத்தின் மேல் ஒரு பூதம் நின்றது.

"பரிதிண்ணன் ஆட்டத்துல எவனுஞ் சாகமாட்டான்," என்றான் ஷாகுல். அவன் செல்போன் பழுது பார்ப்பவன். கதைக்குள் மந்திரவாதி. "பாரு ஜெசி, இந்தப் பூதமும் நமக்குச் சோறு போட்டு, பஸ் ஏத்தி உட்டுரும்."

ஜெசிந்தா சிரித்தாள். இளம்பரிதி சிரிக்கவில்லை. உருட்டினான்.

தடுப்புக்குப் பின்னால் இருபது விழுந்தது. இருபது என்றால் உயிர் போகும் அடி. வேல்கொடிக்கு எதிராக இதற்கு முன் பதினெட்டு முறை இப்படி விழுந்திருக்கிறது. பதினெட்டு முறையும் அவன் "நாலு" என்று சொல்லியிருக்கிறான்.

"இருபது," என்றான்.

கீழ் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"செத்துட்டாளாண்ணா?"

"ஆமா ஜெசி."

"சரி," என்றாள். தாளை மெதுவாக நீவிவிட்டாள்.

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் சபாரி உடையில் ஒருவர் நின்றார். அவருக்குப் பின்னால் ஆளுயரத் தராசு ஒன்று, யாரும் பிடிக்காமல் நின்றது.

"சமநிலை அலுவலகமுங்க. இங்க ஒரு சாவு ஆயிருக்குதுன்னு வந்தேன். செருப்ப எங்க உடறதுங்க?"

"அங்கயே உடுங்க," என்றான் இளம்பரிதி.

ஆய்வாளர் உள்ளே வந்தார். தராசும் வந்தது.

"ரெண்டு பக்கமும் பலம் சரியா இருந்து செத்தா, அது சாவுங்க. அதுல நாங்க தலையிடறதில்ல. எதிராளி பலம் மிஞ்சியிருந்தா அது கொலை. கொலைன்னா செத்தவங்களை எழுப்பி உட்டுருவோம்."

"கொலைதாங்க," என்றான் ஷாகுல். "சந்தேகமே வேண்டாம்."

ஆய்வாளர் ஒரு தட்டில் வேல்கொடியின் தாளை வைத்தார். மறு தட்டில் இளம்பரிதி எழுதியிருந்த பூதத்தின் தாளை வைத்தார். பூதத்தின் தட்டு தரையைத் தொட்டது. அங்கே நிற்கவில்லை. தரைக்குள் ஓர் அங்குலம் இறங்கியது. கட்டடம் முனகியது. தென்னை ஒரு முழம் வளர்ந்தது.

"என்னங்க இப்படிக் கனக்குது?"

"போன வாரந்தான் எழுதுனேன். புதுப் பூதம்," என்றான் இளம்பரிதி.

"பூதம் புதுசுங்க. உள்ள கெடக்கறது பழசு. பதினெட்டுச் சாவு. இந்தப் பக்கம் வர உடாம நீங்க நிறுத்துனதெல்லாம் அந்தப் பக்கமே தங்கிப்போச்சு."

ஜெசிந்தா இளம்பரிதியைப் பார்த்தாள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"குகையில அந்தப் பாம்பு?"

"இருபது."

"கெணத்துல?"

"இருபது."

"என் கல்யாணம் நின்னுபோன வாரம் ஆடுனமே. ஓநாய்."

அவன் அட்டைத் தடுப்பை நேராக்கினான். "அன்னிக்கு ரெண்டு தடவ விழுந்துச்சு ஜெசி. நீ கண்ணெல்லாம் வீங்கி உக்காந்திருந்த. எப்படிச் சொல்றது?"

"கேட்டிருந்தா நானே இருபதுன்னு சொல்லச் சொல்லியிருப்பேன்," என்றாள்.

ஆய்வாளர் ஒரு வெற்றுத் தாளை அவளிடம் நீட்டினார்.

"கொலைதானுங்க. ஆனா எழுப்பறதுக்கு வேல்கொடி தட்டுல கனம் பத்தல. புதுசா ஒரு ஆளு வேணும். பேரு எழுதுங்கம்மா."

அதில் வியப்பில்லை. ஒருவர் செத்தால் புதுத் தாளில் புது ஆளை எழுதிக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்வது வழக்கம். ஜெசிந்தா 'பொன்னரசி' என்று எழுதினாள். மை மறைந்துபோனது. 'மழவராயன்' என்று எழுதினாள். அதுவும் மறைந்தது. சிறிது யோசித்தாள். 'ஜெசிந்தா' என்று எழுதினாள். அது நின்றது. உயிர்ப்புள்ளிக் கட்டத்தில் மூன்று என்ற எண் தானாக வந்தது.

அந்தத் தாளை வேல்கொடியின் மேல் வைத்தார்கள். பூதத்தின் தட்டு தரைக்குள்ளிருந்து எழுந்தது. இரண்டும் நேராக நின்றன. முள் அசையவில்லை.

"இப்பத்தான் நாயமான ஆட்டம்," என்றார் ஆய்வாளர். அட்டைத் தடுப்பை எடுத்து மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். "உருட்டுங்க. பூதத்தோட முறை."

"பட்டா யாரு சாவாங்க?" என்று கேட்டான் ஷாகுல்.

"தாளுல பேரு இருக்குதுங்களே."

"ஜெசி, எந்திரி," என்றான் இளம்பரிதி. "வீட்டுக்குப் போ."

அவள் திரும்பிப் பார்த்தாள். வாசற்கதவு வெகு தொலைவில், தபால் தலை அளவுக்குத் தெரிந்தது. இடையில் நடை நீண்டுகொண்டே போனது.

"பஸ்ஸு கெடைக்காதுண்ணா. நீங்க உருட்டுங்க."

"நான் மாட்டேன்."

"உருட்டலைன்னா முழுசா பட்டதா அர்த்தமுங்க," என்றார் ஆய்வாளர்.

இளம்பரிதி உருட்டினான். பகடை மேசையிலிருந்த தண்ணீர்ச் செம்பில் இடித்து, திரும்பி அவனருகே வந்து நின்றது. அதன் மேல் முகம் அவனுக்குத் தெரிந்தது. மற்றவர்கள் பார்க்குமுன் உள்ளங்கையால் மூடிவிட்டான்.

இருபது.

"எவ்வளவுங்க?"

ஜெசிந்தா தன் பெயர் எழுதிய தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு," என்றான் இளம்பரிதி.

"நாலு. படல," என்றார் ஆய்வாளர். அவர் அவன் கையைப் பார்க்கவில்லை.

பூதத்தின் தட்டு இறங்கியது. வீடும் கூடவே இறங்கியது. கீழ் வீட்டு டிவி சத்தம் நின்றது. ஜன்னலில் தென்னையின் அடிமரம் மேலேறிப் போனது. பிறகு வேர்கள் போயின. பிறகு செம்மண் மட்டும் இருந்தது. ஷாகுல் எழுந்து லைட்டைப் போட்டான்.

ஜன்னல் கண்ணாடியில் ஒரு மண்புழு ஊர்ந்து போனது.

"அப்ப என் முறை," என்றாள் ஜெசிந்தா. மேசையின் குறுக்கே கையை நீட்டினாள். "பகடையக் குடுங்கண்ணா."

வீட்டில் இருந்தது ஒரே பகடை. இளம்பரிதி உள்ளங்கையை எடுக்கவில்லை. ஜெசிந்தாவும் நீட்டிய கையை மடக்கவில்லை.