எடைக்கு எடை அன்னாசி

1

இந்தக் கதை எனக்கு மதில்சுவருக்கு மேலாகக் கிடைத்தது. தம்போயில் எங்கள் வீட்டுக்கும் பிரேமலா வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அவளும் அவள் கணவர் மதிவாணனும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒட்டுக்கேட்கவில்லை. காதில் விழுந்ததைப் பத்திரப்படுத்திக்கொண்டேன், அவ்வளவுதான். எழுதுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

"வேண்டுதல் பாக்கி நிக்குது. அதான் உன் எடை எறங்க மாட்டேங்குது."

"எடை எறங்கினாத்தான் நான் அந்தத் தட்டுல ஒக்காருவேன். அதுவரைக்கும் முருகன் பொறுத்துக்கட்டும் லா."

பிறகு இருவரும் என்னைப் பார்த்துவிட்டார்கள்.

"அக்கா, நீங்க கதை எழுதுறவங்கதானே? நீங்களே சொல்லுங்க, யாரு சரி?" என்றாள் பிரேமலா.

எனக்குத் தெரியவில்லை. தெரியாத விஷயத்தைத்தான் நான் எழுதுவது வழக்கம். எழுதட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள்.

"எழுதுங்க. நம்பர் மட்டும் போடாதீங்க."

வாக்குக் கொடுத்துவிட்டேன். எடையைப் பற்றிய கதையில் எடை வராது.

2

முதல் தொடக்கம்: அறுவைசிகிச்சைக்கு முன் பிரேமலாவின் எடை [ ] கிலோ. அதற்குப் பின்—

பார்த்தீர்களா, முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன்.

இரண்டாவது தொடக்கம்: உடல் என்பது ஒரு சிறை என்று அவள்—

அவள் அப்படி நினைத்ததே இல்லை. தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்கிறவள். முழங்கால் வலித்தது, சர்க்கரை ஏறியது, அப்பாவுக்கு வந்த நோயெல்லாம் தனக்கும் வரப் பார்க்கிறதென்று பயந்தாள். டாக்டர் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழ அளவுக்குத் தைத்துவிடலாம் என்றார். சரி என்றாள். சிறையும் இல்லை, கிறையும் இல்லை.

மூன்றாவது தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன். அது மதிவாணனுடையது.

அறுவைசிகிச்சை நடந்தபோது அவர் ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றிருந்தார். பெக்கான் நானாஸிலிருந்து அன்னாசி ஏற்றும் லாரி ஓட்டுகிறவர் அவர். மனிதருக்குப் பயம் வந்தால் கையில் இருப்பதைத்தானே கொடுக்கத் தோன்றும். "முருகா, அவ நல்லபடியா வெளிய வரட்டும். அவ எடைக்கு எடை அன்னாசி தர்றேன்" என்று வேண்டிக்கொண்டார்.

எங்கள் கோயில் மண்டபத்தில் துலாபாரத் தராசு ஒன்று உண்டு. ஒரு தட்டில் ஆளை உட்காரவைத்து மறு தட்டில் காணிக்கையை அடுக்குவார்கள். பெரும்பாலும் குழந்தைகள்தான் உட்காருவார்கள், மறு தட்டில் சீனி வைப்பார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மதிவாணன் இதை முருகனோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்தில் நின்ற தன் தங்கை லோஷினியிடமும் சொன்னார். லோஷினி குடும்ப வாட்சப் குழுவில் போட்டுவிட்டாள். பிரேமலா மயக்கம் தெளிந்து கண் விழிப்பதற்குள் மெர்சிங்கில் இருக்கும் சித்தப்பா வரைக்கும் சேதி போய், 'எப்போது?' என்று பதிலும் வந்துவிட்டது.*

* இந்தத் தவறை எங்கள் ஆட்கள் மட்டும்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன். வேண்டுதலை வேண்டிக்கொண்டார், எந்த நாளின் எடை என்று சொல்லவில்லை. அன்றைய எடையா, குறைந்த பிறகான எடையா? குருக்களிடம் கேட்டார்கள். "தட்டுல என்னைக்கு ஒக்கார்றாங்களோ அன்னிக்கி எடைதாம்மா" என்றார். "அப்போ எளைச்சிட்டு ஒக்கார்றேன்" என்றாள் பிரேமலா. கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

3

முதல் சில மாதம் எடை கடகடவென்று இறங்கியது. பழைய சுடிதாரெல்லாம் தொளதொளத்தது. அப்புறம் ஒரு நாள் நின்றது. நின்றது நின்றதுதான். அவித்த முட்டையின் பாதி, நாலு கரண்டி மீன் குழம்பு, சாயங்காலம் நடை என்று எல்லாம் அப்படியே நடந்தது. எண் மட்டும் அசையவில்லை.

இது எல்லோருக்கும் வருவதுதான், உடம்பு புதிய அளவுக்குப் பழகிக்கொள்கிறது, பொறுங்கள் என்றார் டாக்டர். சர்க்கரை மாத்திரையை நிறுத்தியாயிற்று. மாடிப்படியில் மூச்சு வாங்குவதில்லை. அதையெல்லாம் யார் வாட்சப்பில் கேட்கிறார்கள்?

[இங்கே நானும் நின்றுவிட்டேன். மூன்று வாரமாக இந்தக் கதையில் ஒரு வரிகூடக் கூடவில்லை. தினமும் திறக்கிறேன், படிக்கிறேன், மூடுகிறேன். பிரேமலாவிடம் சொன்னபோது வயிறு குலுங்கச் சிரித்தாள். "இப்ப தெரியுதா அக்கா?" என்றாள்.]

4

மதிவாணன்மீது எனக்குச் சந்தேகம் உண்டு. இப்படி ஒரு கணவர் கதையில் வந்தால் நீங்களே நம்ப மாட்டீர்கள். அவள் சாப்பிட முடியாமல் வைக்கிற மிச்சத்தையெல்லாம் வீணாக்கக்கூடாதென்று அவரே சாப்பிடுகிறார். அவள் இழந்ததில் கொஞ்சம் இப்போது அவர் தொப்பையில் இருக்கிறது. "எடை கூட இருந்தா என்ன? முருகனுக்குத்தானே லாபம்" என்கிறார்.

அதனால் அவரிடம் ஒரு குறையைத் தேடினேன். கிடைத்தது. தினமும் காலையில் அவள் எடை பார்த்துவிட்டுக் குளியலறைக் கதவைத் திறந்தால், அவர் வாசலில் நின்றுகொண்டு "என்ன?" என்று கேட்கிறார். ஒரே ஒரு சொல்தான். அன்போடுதான் கேட்கிறார். அவளுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

5

முடிவுகள். தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன்.

அ) கோயிலுக்குப் போகிற அன்று காலையில் எண் இறங்குகிறது. அவள் அழுகிறாள். தெருவே கைதட்டுகிறது.

ஆ) அவள் உட்கார்ந்ததும் துலாபாரத் தராசின் சங்கிலி அறுந்து—

சீச்சீ. அவளிடம் இதைக் காட்ட எனக்கு என்ன முகம் இருக்கிறது?

இ) யாருக்கும் தெரியாமல் அவர்கள் இருவர் மட்டும் போய் முடித்துவிட்டு வருகிறார்கள்.

அதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் உட்கார்ந்து முழுவதும் படித்தாள். மதிவாணன் லாரியைக் கழுவிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தார். 'தன் உடம்பை நினைத்து அவளுக்கு வெட்கம்' என்று எங்கோ எழுதியிருந்தேன். அதில் விரலை வைத்தாள்.

"இது பொய் அக்கா. எனக்கு என் ஒடம்புமேல வெக்கம்லாம் இல்ல."

"அப்புறம் ஏன் ஒக்கார மாட்டேங்குற?"

"மூஞ்சிங்க அக்கா. சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா வந்து பழம் வெப்பாங்க. வெக்கிறப்ப மனசுக்குள்ள கணக்கு ஓடும். வயித்தயே வெட்டிக்கிட்டா, இன்னும் இத்தன பழமான்னு. வாய்ல சொல்ல மாட்டாங்க. மூஞ்சில தெரியும். ஆப்பரேஷனுக்கு முன்னாடியும் என் சோத்துத் தட்டத்தான் பாத்தாங்க, இப்பவும் அதத்தான் பாக்குறாங்க. நான் எப்படி இருக்கேன்னு யாரும் கேக்கல." அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்களும்தான். தெனம் கதவு தெறந்தா, என்ன, என்ன. வலிக்குதா, நல்லா தூங்கினியா, ஒண்ணும் இல்ல. நம்பர்தான்."

மதிவாணன் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.

"நான் வேண்டிக்கிட்டது நீ எளைக்கணும்னு இல்ல, பிரேமா" என்றார். "நீ உசுரோட வரணும்னு. நீ வந்துட்ட. என் வேண்டுதல் அன்னைக்கே பலிச்சிருச்சி. அப்புறம் எதுக்கு நான் பாத்ரூம் வாசல்ல போயி நின்னேன்னு எனக்கே தெரியல."

கூச்சத்தை மறைக்கக் குளிர்பெட்டியைத் திறந்து எதையோ தேடினார். பிரேமலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த இரண்டு பேர்மேலும் எனக்கு அப்போது வந்த பிரியத்தை எப்படி எழுதுவதென்று இன்னும் தெரியவில்லை. அதனால் வந்தது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

"வெள்ளிக்கிழமை பழம் கெடைக்குமா?" என்றாள் பிரேமலா.

"அலமாக், இதென்ன கேள்வி, லாரியே என்னதுதானே!"

"எல்லாரையும் கூப்புடுங்க. மெர்சிங் சித்தப்பாவையும். வந்து பாக்கட்டும்."

6

ஆகவே அ, ஆ, இ மூன்றையும் அடித்துவிட்டேன். எண் இன்றைக்கும் அசையவில்லை. வெள்ளிக்கிழமை மாலை, கோயில் மண்டபம். பிரேமலா மாம்பழ வண்ணப் பட்டுப்புடவையில் தட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். தட்டு தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கைகள் இரண்டும் சங்கிலியை இறுக்கமாகப் பிடித்திருக்கின்றன. மறு தட்டில் முதல் பழத்தை மதிவாணன் வைத்தார். அடுத்து லோஷினி. அடுத்து சித்தப்பா, அவர் வைக்கும்போது அவள் இருந்த தட்டை ஓரக்கண்ணால் பார்த்தார், நான் கவனித்தேன். அவளும் கவனித்தாள். பழங்கள் ஏறிக்கொண்டே இருக்கின்றன.

அவள் தராசின் பக்கம் திரும்பவே இல்லை. பழம் வைக்கிற ஒவ்வொருவருடைய முகத்தையும் பார்க்கிறாள். நான் வைத்தபோது என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்கவும் தைரியமில்லை.

எத்தனை பழம் ஆனது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். எனக்குப் புரிகிறது, ஆரம்பத்திலிருந்தே மனதுக்குள் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறீர்கள். நான் சொல்லப் போவதில்லை. தட்டு இன்னும் சமமாகவில்லை, வரிசையில் எனக்கு அடுத்து நிற்பது நீங்கள். மதிவாணன் உங்கள் கையிலும் ஒரு பழத்தைக் கொடுத்துவிட்டார். மெதுவாகப் பிடியுங்கள், குத்தும்.

போங்கள். அவள் உங்களைப் பார்க்கிறாள்.