வலது முன் சக்கரத்து முடிச்சு

நெருப்பெரிச்சலில் கன்னையன் வீட்டு வாசலில் நின்ற வெள்ளைக் காரின் டேஷ்போர்டில் நாற்பது நாளாக ஒரு மஞ்சள் லைட் எரிந்துகொண்டிருந்தது. ஏபிஎஸ் லைட். அவசரத்தில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு அது. லைட் எரிந்தால் அந்த ஏற்பாடு தூங்கிவிட்டது என்று அர்த்தம். மற்றபடி வண்டி ஓடும், சாதாரண பிரேக்கும் பிடிக்கும். வீடுதான் அந்த நாற்பது நாளாக ஓடவில்லை.

மூலனூரில் முருங்கைக்காய் வியாபாரம் பார்க்கும் மாப்பிள்ளை பிரதீப், மாமனார் காரை இரண்டு நாளைக்கு எடுத்துப் போயிருந்தான். மனைவி மைதிலியோடும் இரண்டு வயதுக் குழந்தையோடும் அவன் காரைத் திரும்பக் கொண்டுவந்து விட்ட அன்றுதான் லைட் எரிந்தது. வீட்டில் பங்காளிகள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "ஏனுங் மாப்ள, முருங்கக்கா ஏத்தற டெம்போன்னு நெனச்சு ஓட்டிப்போட்டீங்களாட்ட இருக்குது" என்றார் கன்னையன். விளையாட்டாகத்தான் சொன்னார். நாலு பேரும் சேர்ந்து சிரித்ததுதான் வினையாகிவிட்டது. பிரதீப் சாவியை வைத்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். அதோடு சரி. பேத்தி முகத்தைப் பார்த்தும் நாற்பது நாளாகிவிட்டது.

கன்னையனின் மனைவி நஞ்சம்மாள் ஒரு தீர்ப்பு சொன்னார். "லைட்டு எதுனால எரியுதுன்னு பாத்துருங்க. மாப்ள மேல தப்பிருந்தா அவிய வரட்டும். இல்லீன்னா நீங்க மூலனூரு போயிக் கூப்புடோணும்." கன்னையன் உடனே ஒப்புக்கொண்டார். தப்பு யாருடையது என்பதில் அவருக்கு அவ்வளவு தைரியம்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரிச்செல்வத்துக்கு ஆள் போயிற்று. மாரிச்செல்வம் கார் எலக்ட்ரீசியன். சங்கரன்கோவில் பக்கம். மனைவியும் மகளும் ஊரில் இருக்க, இங்கே ஒற்றை அறையில் ஐந்து வருஷமாகக் குடியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மெஸ் லீவு என்பதால் அன்றைய மதியச் சாப்பாடு எப்போதும் கன்னையன் வீட்டில்தான்.

"ரெண்டு எடத்துல காட்டியாச்சு தம்பி," என்றார் கன்னையன். "ஒருத்தன் முழு யூனிட்டையே மாத்தோணும்கறான். இன்னொருத்தன் பல்பப் புடுங்கி உட்டர்லாம்கறான்."

"பல்பப் பிடுங்குனா லைட்டுதான் எரியாது அண்ணாச்சி. சீக்கு அப்படியேல்லா இருக்கும்."

"இந்த அண்ணாச்சிய மொதல்ல உடு. நா என்ன மளிகக் கடையா வெச்சிருக்கறேன்? நாலு நிட்டிங் மிசின் ஓட்டறேன்."

"சரி அண்ணாச்சி."

டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த சாக்கெட்டில் இரண்டு முனைகளைச் சின்ன வயரால் இணைத்து, மாரிச்செல்வம் சாவியைத் திருப்பினான். மஞ்சள் லைட் விட்டு விட்டுச் சிமிட்டியது. வண்டி தன் கோளாறைத் தானே சொல்கிற பாஷை அது. எத்தனை சிமிட்டல், எங்கே இடைவெளி என்று எண்ணி நோட்டில் தேடினான். ஜெராக்ஸ் எடுத்த இங்கிலீஷ் புத்தகத்தை டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாகப் படித்து அவன் எழுதிய நோட்டு.

"வலது முன் சக்கரம். அதோட சென்சார் லைன்ல ஏதோ இருக்கு."

"மாப்ள அந்தச் சக்கரத்தத்தான் குழியில எறக்கியிருப்பாரு," என்றார் கன்னையன். "இத ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு தம்பி. மூலனூருக்குக் கொரியர் பண்ணிப்போடலாம்."

"நீங்க சித்த தள்ளி நில்லுங்க," என்றார் நஞ்சம்மாள். "கண்ணு வேலையப் பாக்கட்டும்."

ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சென்சார் உண்டு. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று வயர் வழியாக ஏபிஎஸ் யூனிட்டுக்குச் சொல்வது அதன் வேலை. வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, சென்சாரை மீட்டரில் பார்த்தான். ஆயிரத்துச் சொச்சம் ஓம். இடது பக்கமும் அதேதான். சென்சார் நன்றாக இருந்தது. யூனிட் பக்கம் கனெக்டரைக் கழற்றி அங்கிருந்து வயரையும் சேர்த்துப் பார்த்தான். அங்கேயும் ஆயிரத்துச் சொச்சம். எல்லாம் சரியாக இருந்தால் லைட் ஏன் எரிகிறது? நோட்டை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தான். பிறகு கன்னையனைச் சீட்டில் உட்காரவைத்து, ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பச் சொன்னான். முழுக்க இடது பக்கம் போனதும் மீட்டரில் எண் துள்ளிக் காணாமல் போனது. நேராக்கியதும் திரும்பி வந்தது.

வயர்தான். வழியில் எங்கோ விட்டுப் போயிருக்கிறது.

சக்கரத்துக்கு மேலே இருந்த பிளாஸ்டிக் தட்டைக் கழற்றிவிட்டு, வயரை விரலால் தடவிக்கொண்டே போனான். நடுவில் வயரைப் பிடித்திருக்கவேண்டிய கிளிப் உடைந்து, அந்த இடத்தில் அரக்குக் கலர் பனியன் வேஸ்ட் துணி ஒன்று கட்டியிருந்தது. இந்த ஊரில் எதைக் கட்டவும் அதுதான். கேட்டுக்கும் அதுதான், கழன்ற சைலன்ஸருக்கும் அதுதான், வெட்டுப்பட்ட விரலுக்கும் அதுதான். வயரைக் கொஞ்சமும் தளர்வில்லாமல் இழுத்துக் கட்டியிருந்ததால், சக்கரம் திரும்பும்போதெல்லாம் வயர் இழுபட்டிருக்கிறது. சாயப்பட்டறை ரோட்டுத் தண்ணீரைத் துணி குடித்துக்கொண்டு காயாமலே இருந்திருக்கிறது. மேல்தோல் வெடித்து, உள்ளே செம்பு பச்சையாகக் களிம்பேறி, இரண்டே இழையில் தொங்கியது. இது இரண்டு நாளில் வருகிற சீக்கு இல்லை. ஒரு மழைக்காலமாவது ஆகியிருக்கவேண்டும்.

அப்புறம் அந்த முடிச்சு. மிசினில் ஒரு நூல் கோன் தீர்ந்து அடுத்ததை மாற்றும்போது நூலோடு நூலை இணைக்க நிட்டிங்காரர்கள் போடுகிற முடிச்சு. சின்னதாக, இறுக்கமாக, வால் நறுக்கி. அரிசி மூட்டையிலிருந்து கேஸ் டியூப் வரைக்கும் அதே முடிச்சைப் போடுகிற ஒரே ஆளை மாரிச்செல்வத்துக்குத் தெரியும். அவர் இரண்டடி தள்ளி நின்று, "என்ன தம்பி, குழியில அடிச்சதுதான?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கட்டரால் துணியை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு, "வயர் பழசு அண்ணாச்சி" என்று சொல்லிவிடலாம். யார் மனசும் நோகாது. ஆனால் யார் மேலும் தப்பில்லை என்றால் யாரும் போய்க் கூப்பிடவேண்டியதும் இல்லை. சொன்னால் இந்த வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சோறு போனாலும் போகலாம். மகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறவன் அவன். நாற்பது நாள் எவ்வளவு நீளம் என்று அவனுக்கு யாரும் சொல்லவேண்டாம்.

"அண்ணாச்சி, இங்கன குனிஞ்சு கையக் கொடுங்க. ஒரு துணி இருக்கு, எனக்கு அவுக்க வரல."

கன்னையன் உட்கார்ந்து கையை உள்ளே விட்டார். பார்க்கக்கூட இல்லை. கட்டைவிரல் நகம் முடிச்சின் முதுகைத் தேடிப் போய் ஒரு தள்ளுத் தள்ளியது. அவிழ்ந்துவிட்டது.

"இதப்போயி அவுக்க வரலீங்கற. இது நம்ம..."

நிறுத்திவிட்டார். கையில் இருந்த துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங், என்னாச்சு?" என்றார் நஞ்சம்மாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்பிடிப் போகுது?"

"ஐப்பசி மழையில பழனிக்கிப் போனமல்ல. திரும்பி வாரப்ப இந்த வயரு தொங்குச்சு. டயருல சிக்கிருமேன்னு நாந்தான் கட்டுனேன்." துணியை நீட்டி, "நல்லா இறுக்கித்தான் கட்டுனேன் தம்பி," என்றார்.

"அதான் அண்ணாச்சி வெனையே. கொஞ்சம் தொய்வா விட்டிருக்கணும்."

நஞ்சம்மாள் பானெட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "காருலயும் போயி கோன் மாத்தியிருக்கறாரு பாரு கண்ணு."

மாரிச்செல்வம் கெட்டுப்போன துண்டை வெட்டி எறிந்தான். புது வயரைச் சேர்த்து ஈயம் வைத்து, மேலே ரப்பர் குழாயைச் செருகிச் சூடு காட்டிச் சுருங்கவைத்தான். சக்கரம் இரண்டு பக்கமும் திரும்பத் தொய்வு விட்டுப் புதுக் கிளிப் போட்டான். சாவியைத் திருப்பியதும் லைட் எரிந்து, அணைந்தது. ஆளில்லாத மண்ரோட்டில் கன்னையனையே ஓட்டவிட்டு, "இப்ப ஓங்கி மிதிங்க" என்றான். வண்டி வழுக்காமல் நேராக நின்றது.

"காலுக்கடியில தடதடங்குது தம்பி."

"அது ஏபிஎஸ் வேல செய்யிது. அப்படித்தான் இருக்கும்."

"ம்," என்றார் கன்னையன். வண்டி சரியாகிவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் இல்லை.

திரும்பி வந்தபோது நஞ்சம்மாள் நல்ல சேலை கட்டி, கையில் பையோடு நின்றார். "புதுசா வேல பாத்த வண்டிய நல்லாத் தூரமா ஓட்டிப் பாக்கோணுமல்ல கண்ணு?"

"ஆமாக்கா. நூறு கிலோமீட்டராவது ஓட்டணும்," என்று மாரிச்செல்வம் வாய் கூசாமல் பொய் சொன்னான்.

மாரிச்செல்வத்தையும் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு மூலனூருக்குப் போகும் வழியில், மாப்பிள்ளையிடம் சொல்லவேண்டியதைக் கன்னையன் ஒத்திகை பார்த்தார். அவிநாசிபாளையம் வருவதற்குள் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். "வயருல கோளாறுன்னு பொதுவாச் சொல்லிக்கலாமா?"

"பொதுவாச் சொன்னீங்கன்னா நா மகளூட்டுலயே இருந்துக்குவேன்," என்றார் பின் சீட்டிலிருந்து நஞ்சம்மாள்.

மூலனூரில் பிரதீப் வெளியே வந்து, "வாங் மாமா, வாங் அத்தே" என்றான். எவ்வளவு கோபமானாலும் வாசலுக்கு வந்தவரை வாங்க என்று சொல்லாமல் இருக்க அந்த ஊர் வாய்க்குத் தெரியாது. பேத்தி ஓடிவரவில்லை. மைதிலியின் காலுக்குப் பின்னால் நின்று, யாரோ என்பதுபோல் எட்டிப் பார்த்தது. அதுதான் கன்னையனை உடைத்தது. ஒத்திகை பார்த்த மூன்றும் மறந்துபோயின.

"மாப்ள, லைட்டு எரிஞ்சதுக்கு நீங்க காரணமில்லீங். நாந்தான் வயர இறுக்கிக் கட்டிப்போட்டேன். வாயும் உட்டுப்போட்டேன். அந்த நாலு பேருத்துக்கிட்டயும் நானே சொல்லீர்றேன்."

பிரதீப் உள்ளே போய்த் தானே தண்ணீர்ச் செம்போடு வந்தான். "உக்காருங் மாமா. அவியகிட்ட எதுக்குங்க சொல்லிட்டு? இப்ப உங்களப் பாத்துச் சிரிப்பாங்க. அது எனக்கு நல்லாவா இருக்கும்?"

கன்னையன் செம்பு முழுவதையும் குடித்து முடித்தார். குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வந்து அவர் வாட்ச்சைத் தொட்டது. "அப்புச்சி," என்றது, சரியா என்று அம்மாவைப் பார்த்துக்கொண்டே.

சாயங்காலம் எல்லோருமாகக் கிளம்பினார்கள். கன்னையன் சாவியைப் பிரதீப்பிடம் நீட்டிவிட்டு, பேத்தியோடு பின்னால் ஏறிக்கொண்டார். தாராபுரம் தாண்டி ரோடு காலியாக இருந்தது.

"வேகமாப் போறேனுங்களா மாமா?"

"இல்லீங் மாப்ள. உங்க இஷ்டம்," என்றார் கன்னையன், கதவுக் கைப்பிடியை விடாமல்.

கொஞ்ச தூரத்தில் குழந்தை தூங்கிப் போனது. அதன் தலையைத் தோளில் சரிசெய்துகொண்டு அவர் முன் சீட்டைத் தட்டினார். "தம்பி, உன்ற புள்ளைக்கி எத்தன வயசு?"

ஐந்து வருஷத்தில் அவர் அதைக் கேட்டதில்லை. "நாலு, அண்ணாச்சி."

"முழாண்டு லீவுக்குத் தாயையும் புள்ளையையும் கூட்டியா."

"ஒத்த ரூம்ல எங்கன தங்க அண்ணாச்சி?"

"நம்மூடு எதுக்கு இருக்குது?" என்றார் நஞ்சம்மாள். "பேசாத வா கண்ணு."