பெரியவனுக்கு ஒரு டர்போ

வீட்டில் நான் ஒரே பிள்ளை. ஆனாலும் அப்பா என்னைச் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார். பெரியவன் ஷெட்டில் நிற்கிறான். நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய டீசல் ஜீப். என்னைவிட ஏழு வயது மூத்தவன். அவனுக்கு டயர் தேய்ந்தால் புது டயர் வரும். எனக்குச் செருப்பு தேய்ந்தால் அறிவுரை வரும்.

அப்பா மாட்டு டாக்டர். ரோடு முடிகிற இடத்தில்தான் அவருடைய நோயாளிகள் ஆரம்பிப்பார்கள் என்பதால் பெரியவன் இல்லாமல் அவருக்குப் பிழைப்பில்லை. மனிதர்களிடம் அதிகம் பேசமாட்டார். நோயைப் பற்றி யாராவது பொய் சொன்னால் மட்டும் பேசுவார். “நேத்துலேர்ந்துதான் சாப்பிடல டாக்டர்” என்ற ஒரு மாட்டுக்காரரிடம், மாட்டின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, “மாடு மூணு நாள்னு சொல்லுது. நான் யார நம்பறது?” என்று கேட்டவர். அந்த மனிதர் மாட்டிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்வார்கள்.

எட்டு வருஷம் முன்னால், ஒரு மத்தியானச் சாப்பாட்டின்போது, அம்மாவின் தம்பி வாயை விட்டார். என் மாமா மெக்கானிக். அதுவரை பெரியவனுக்கு வைத்தியம் பார்த்தவர் அவர்தான். வீட்டுக்கு ஏறும் மேட்டில் ஜீப் மூச்சு வாங்கியதைப் பார்த்துவிட்டு வந்தவர், சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

“மச்சான், இத வித்துட்டு ஒரு எருமை வாங்கிக்குங்க. மேட்டுல அதாவது கொஞ்சம் சுறுசுறுப்பா ஏறும்.”

அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். பிறகு, அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சட்டமாகிவிட்ட வாக்கியத்தைச் சொன்னார்.

“என் பெரியவன் இந்த மேட்ட மூணாவது கியர்ல ஏறுற அன்னைக்கு நீ என் வாசப்படி ஏறு.”

இதில் அப்பா தன் வண்டியைத் தானே அவமானப்படுத்தியிருக்கிறார் என்பதை அந்த நேரத்தில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. பெரியவன் அந்த மேட்டை இரண்டாவது கியரில்தான் ஏறுவான். அதுவும் ஊரையே சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டு ஏறுவான்.

அந்தக் கூப்பாடுதான் மாமாவுக்குச் சோறு போட்டது. வாசல்படி ஏறக்கூடாது என்றுதானே அப்பா சொன்னார்? மாமா பின்சுவர் ஏறிக் குதித்து, சமையலறைக் கதவு வழியாக வந்தார். தினமும். மேட்டில் இரண்டு வளைவுகள். முதல் வளைவில் பெரியவன் உறுமினால் மாமாவுக்கு இன்னொரு கரண்டி உண்டு. இரண்டாவது வளைவு என்றால் கை கழுவ வேண்டும். ஜீப் ஷெட்டில் நுழையும்போது அவர் சுவருக்கு அந்தப் பக்கம் ஏப்பம் விட்டுக்கொண்டிருப்பார். அப்பா உள்ளே வந்து தட்டு முன்னால் உட்காருவார். அம்மா எல்லாவற்றையும் மறுபடி சூடு பண்ணுவாள்.

எட்டு வருஷத்தில் சுவர் உயரவில்லை. மாமாதான் அகலமாகிவிட்டார். ஒரு நாள் குதித்தபோது முட்டி பிசகி, எங்கள் வீட்டுக் கொடிக்கயிற்றைப் பிடித்துத் தொங்கி, அப்பாவின் இரண்டு பனியன்களோடு கீழே விழுந்தார்.

“அக்கா, இனிமே என்னால முடியாது. சுவத்துல ஒரு ஓட்டை போடட்டுமா?”

“எனக்கு மட்டும் முடியுதா?” என்றாள் அம்மா. “உங்க ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல உக்கார வெச்சு ஒரு தடவ பரிமாறிடணும்டா. சாகிறதுக்குள்ள அது ஒண்ணு போதும். ரெண்டு தடவ சூடு பண்ணிப் பண்ணிக் கை அலுத்துப்போச்சு.”

மாமா முட்டியைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார். “மச்சான் மனச மாத்த முடியாது. இன்ஜின மாத்தலாம்.” என்னைப் பார்த்தார். “மாப்ள, அவர்ட்ட பேசு. டர்போ மாட்டினா அவன் மூணாவதுல ஏறுவான்.”

அப்பாவை இளக வைக்க எனக்கு உதவியது பால் வேன். தினமும் மேட்டில் அது எங்களை முந்தும். முந்தும்போது அதன் டிரைவர் தலையை வெளியே நீட்டி, “நிதானமா வாங்க டாக்டர்” என்பார். மரியாதையாகத்தான் சொல்வார். அதுதான் தாங்க முடியாதது. அன்றைக்கும் சொன்னார். அப்பாவின் தாடை இறுகியதைப் பார்த்து நான் ஆரம்பித்தேன்.

“அப்பா, டர்போன்னு ஒண்ணு இருக்கு.”

“என்ன பண்ணும்?”

“இன்ஜின்லேர்ந்து புகை சும்மா வெளிய போகுதில்ல, அது ஒரு சின்னச் சக்கரத்தச் சுத்தும். அதே அச்சுல இன்னொரு சக்கரம். அது வெளிக்காத்த அமுக்கி உள்ள தள்ளும். காத்து கூடினா டீசல் நல்லா எரியும், பலம் கூடும்.”

அப்பா ஒரு வளைவு முழுக்க யோசித்தார். “சாணிய வெச்சே தீவனம் தயாரிக்கிற மாதிரி.”

“கிட்டத்தட்ட.”

“காத்து ஏறிப்போயி உப்புசம் வராதா?”

“அளவு மீறினா திறந்து விடுறதுக்கு ஒரு வால்வு இருக்கு.”

“ம். உப்புசத்துக்கு நாங்களும் துளைதான் போடுவோம்.” மருத்துவ ரீதியாக அவருக்கு ஆட்சேபணை இல்லை என்று தெரிந்தது. “யாரு பண்ணுவா?”

“காலேஜுக்குப் பின்னால ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கு.”

இது பொய் இல்லை. மாமாவின் ஒர்க்‌ஷாப் கல்லூரிக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஐந்து கிலோமீட்டர் பின்னால்.

அப்பா ஒரு பயிற்சி வகுப்புக்காக வெளியூர் போன வாரத்தில் பெரியவனைக் கொண்டுபோய் விட்டேன். எட்டு வருஷத்துக்குப் பிறகு பானெட்டைத் திறந்த மாமா, கையைத் துடைத்துக்கொண்டு இன்ஜினைத் தடவிப் பார்த்தார்.

“இளைச்சுட்டான்டா,” என்றார். பிறகு உள்ளே குனிந்து, “எவன்டா இந்த நட்ட முறுக்கினது? பழிவாங்கின மாதிரி முறுக்கியிருக்கான்!”

விபத்தில் நசுங்கிய ஒரு பிக்கப் வண்டியிலிருந்து நல்ல நிலையில் கழற்றிய டர்போ அவரிடம் இருந்தது. பார்த்தால் இரும்பு நத்தை. நத்தையை மாட்டினால் வேகம் கூடும் என்பது இன்ஜின் விஷயத்தில் மட்டும் நடக்கிற அதிசயம். அதை உட்கார வைக்க, புகை வெளியேறும் குழாயை அறுத்துப் புது முகப்பு வைத்து வெல்டிங் செய்தார். நத்தையின் அச்சு குளிர்ந்து வழவழப்பாகச் சுற்ற இன்ஜினிலிருந்து ஆயில் வர ஒரு மெல்லிய பைப். அந்த ஆயில் வடிந்து திரும்பக் கீழ்த்தொட்டிக்குப் போக ஒரு தடித்த பைப். “வர்ற வழி சின்னதா இருக்கலாம், போற வழி பெருசா இருக்கணும்,” என்றார், சுவர் ஏறிக் குதித்த அனுபவத்தில். கடைசியாக, டீசல் கொஞ்சம் கூடுதலாகப் போக, டீசல் பம்பின் திருகைத் துளி திருப்பினார். “ஆசைப்பட்டு அதிகமாத் திருப்பினா பிஸ்டன் உருகிடும். இவனுக்கு வயசாச்சு, கொஞ்சம் போதும்.”

நான் வணிகவியல் மாணவன். என் பங்குக்கு டார்ச் பிடித்தேன்.

ஸ்டார்ட் செய்தபோது மாமாவின் முகம் மலர்ந்தது. “கேட்டியா? எவ்வளவு அமைதி! புகையோட கத்தல் எல்லாம் அந்தச் சக்கரத்தச் சுத்துறதுலயே செலவாயிடுது. சைலன்சருக்கு வேலையே இல்ல!”

“சூப்பர் மாமா,” என்றேன்.

எந்தச் சத்தத்தைக் கேட்டு எட்டு வருஷம் தப்பித்தாரோ, அந்தச் சத்தத்தின் வாயை அவர் கையாலேயே பொத்தினார். பொத்திவிட்டு எனக்கு டீயும் வாங்கிக் கொடுத்தார்.

அப்பா வந்ததும் வண்டியை எடுத்தார். பக்கத்தில் நான். மேட்டின் அடியில் பால் வேன் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அப்பா இரண்டாவது கியருக்கு மாற்றி மிதித்தார். பெரியவன் ஒரு நொடி தயங்கினான். பிறகு யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல் எழுந்தான். பால் வேனைத் தாண்டும்போது அப்பா தலையை வெளியே நீட்டி, “நிதானமா வாங்க தம்பி,” என்றார். அவ்வளவு மரியாதையாக அவர் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை.

“மூணாவது போடுங்கப்பா.”

“எதுக்கு?”

“போகும்பா.”

“ரெண்டுலயே போகுதே.” கை கியர் கம்பியின் தலையில் இருந்தது. அதைத் தடவிக்கொடுத்தது. மாற்றவில்லை. அவர் எதையும் மறந்திருக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது.

அடுத்த சில வாரங்கள் எங்கள் வீட்டு வரலாற்றில் சோதனைக்காலம். மாமாவுக்கு வாசல் திறக்கவில்லை, காவல் சத்தமும் பாதியாகிவிட்டது. இரண்டாவது கியரில் பெரியவன் வருவது இப்போது இரண்டாவது வளைவில்தான் கேட்டது. மாமா சமையலறைக் கதவருகே நின்றுகொண்டு, ஒரு காதை வெளியே நீட்டிச் சாப்பிட்டார். ஒருமுறை பக்கத்து வீட்டு மிக்ஸிக்குப் பயந்து சுவர் ஏறிவிட்டார்.

“என் தலையில நானே மண்ண வாரிப் போட்டுக்கிட்டேன் மாப்ள.”

“வண்டிய ஷெட்டுல நிறுத்தினதும் உடனே அணைக்கக்கூடாதுன்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கேன் மாமா. டர்போ ஆறணும்ல. அந்த நேரத்துல நீங்க ஓடிடலாம்.”

அதை அப்பா பக்தியோடு செய்தார். ஓடிவந்த மாட்டை உடனே படுக்க விடக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்த விஷயம். இன்ஜினை மெல்ல ஓடவிட்டு, பானெட்டில் கை வைத்து நிற்பார். அந்த இடைவெளியில் மாமா தப்பிப்பார்.

ஒரு சனிக்கிழமை அம்மா பொறுமை இழந்தாள். “நின்னுக்கிட்டே சாப்பிட நீ என்ன குதிரையா? உக்காருடா.” மாமா உட்கார்ந்தார். அது மேசை முன்னால் அப்பாவின் நாற்காலி. சுவாரசியமாகப் பிசைந்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மேட்டில் ஒரு சத்தமும் இல்லை.

கதவு திறந்தது. அப்பா நின்றார்.

நாங்கள் முதலில் கவனித்தது அவர் வந்ததை அல்ல, அவர் சிரித்துக்கொண்டிருந்ததை. பரீட்சையில் தேறிய பையன் மாதிரி ஒரு சிரிப்பு. யாரிடமாவது எதையோ சொல்ல ஓடிவந்திருக்கிறார். பிறகு மாமாவைப் பார்த்தார். சிரிப்பு போக இடம் தெரியாமல் அவர் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது.

“இவன் எப்படி உள்ள வந்தான்?”

மாமாவின் வாய் நிறைய சாப்பாடு. அம்மாதான் பதற்றத்தில் முந்திக்கொண்டாள். “நீங்க எப்படி வந்தீங்க? சத்தமே கேக்கல?”

“எப்பவும் போலத்தான். ரெண்டாவதுல.”

“ரெண்டாவதுன்னா ரெண்டாவது வளைவுல எங்களுக்குக் கேட்டிருக்குமே!”

சொன்ன பிறகுதான் அவளுக்கே புரிந்தது. அப்பாவுக்கும் புரிந்தது. “அப்போ இவ்வளவு நாளா…”

“வாசப்படி ஏறல மச்சான்!” மாமா ஒருவழியாக விழுங்கினார். “சத்தியமா ஏறல. பின்சுவருதான்.”

அப்பா மாமாவின் வயிற்றைப் பார்த்தார். சன்னல் வழியே சுவரைப் பார்த்தார். மறுபடி வயிற்றைப் பார்த்தார். ஒரு மருத்துவராக அவரால் நம்ப முடியவில்லை.

அப்போது ஷெட்டிலிருந்து ஜீப் மெல்ல ஓடும் சத்தம் கேட்டது. மாமாவின் தலை தானாகச் சாய்ந்தது. நிலைமை என்ன, தான் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதெல்லாம் அவருக்கு மறந்துபோய்விட்டது.

“மச்சான், வர்றப்போ மெல்லிசா ஒரு விசில் கேட்டுச்சா? ரெண்டாவது கியர்ல, மிதிக்கறப்போ?”

“ரெண்டாவதுல இல்ல,” என்றார் அப்பா, சிகிச்சை அறையின் குரலில். நோயைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்கு வராது. “மூணாவதுல. அதுவும் ரெண்டாவது வளைவு தாண்டினப்புறம், முழுசா மிதிச்சு…”

நிறுத்தினார்.

யாரும் மூச்சு விடவில்லை. பெரியவன் மட்டும் ஷெட்டில் விட்டுக்கொண்டிருந்தான்.

“காத்துக் குழாய இறுக்குற ஹோஸ் கிளாம்ப் லூசா இருக்கும்,” என்றார் மாமா, மிகச் சின்னக் குரலில். “நான் இன்னும் ரெண்டு சுத்து முறுக்கியிருக்கணும்.”

அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். “காலேஜுக்குப் பின்னாலயா?”

“ரொம்பப் பின்னாலப்பா.”

அவர் மாமாவைப் பார்த்தார். “எந்திரி.”

மாமா எழுந்தார்.

“வெளிய போ.”

அம்மாவின் கை கரண்டியோடு அப்படியே நின்றது. மாமா தலையைக் குனிந்துகொண்டு, பழக்கதோஷத்தில் சமையலறைக் கதவுப் பக்கம் நொண்டினார்.

“அங்க எங்க போற? வாசப் பக்கம் போ. போயி, படி ஏறி வா. சொன்னது சொன்னதுதான்.”

மாமா எச்சில் கையோடு வாசலுக்குப் போனார். திரும்பி நின்று, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். சுவரைவிட அந்த மூன்று படி அவருக்குச் சிரமமாக இருந்ததுபோல் தெரிந்தது. அப்பா அவர் நடையையே கவனித்தார்.

“முட்டில நீர் கோத்திருக்கு. எத்தனை நாளா?”

“நேத்துலேர்ந்துதான் மச்…” என்று ஆரம்பித்த மாமா, அப்பாவின் கண்ணைப் பார்த்ததும் திருத்திக்கொண்டார். “ரெண்டு மாசமா.”

“ம். சாப்பிட்டுட்டுக் காட்டு. எருமைக்குப் போடுற ஊசி இருக்கு, உனக்குச் சரியா வரும்.”

அம்மா இரண்டு தட்டு வைத்தாள். எதையும் சூடு பண்ணவில்லை.

“டேய் சின்னவனே,” என்றார் அப்பா, உட்கார்ந்துகொண்டே. “அண்ணன் ஆறியிருப்பான். போய் ஆஃப் பண்ணிட்டு வா.”

போய் அணைத்துவிட்டு வந்தபோது மேசையில் அப்பாவின் நாற்காலியில் அப்பாவும் என் நாற்காலியில் மாமாவும் இருந்தார்கள். டீசல் பம்பின் திருகை இன்னும் எவ்வளவு திருப்பலாம் என்று சண்டை ஆரம்பமாகியிருந்தது. நான் என் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக் கதவருகே நின்று சாப்பிட்டேன். எட்டு வருஷமாக ஆள் இருந்த இடம். திடீரென்று காலியாக விடுவது நன்றாக இருக்காது.