நீலப் பஞ்சு

மூன்றாவது முறையும் கம்ப்யூட்டர் திரை கறுத்தபோது வாய்விட்டே கத்திவிட்டேன். புத்தகத்தில் கடைசி அத்தியாயம்தான் பாக்கி. சாயங்காலத்துக்குள் அச்சகத்துக்குப் போகாவிட்டால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகப் பதிப்பாளர் காலையிலேயே சொல்லிவிட்டார். இரண்டு வருடம் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த பிறகு கிடைத்த முதல் புத்தகம் அது. பக்கம் வடிவமைப்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. இதுவும் கைநழுவினால் என்ன செய்வேன் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்கு நாங்கள் வைத்த பெயர் டாக்டர். வைத்தியத்துக்கு முன்னால் நோயாளியை ஒரு பாட்டம் திட்டுவார். போன் செய்தால் மனுஷன் வெளியூரில் இருந்தார்.

"பெட்டி சுடுதா?"

"கை வைக்க முடியல."

"கடைசியா எப்பத் தொறந்து தொடச்சீங்க?"

"தொறக்கணுமா?"

"நல்லாருக்கு போங்க. சரி, பயப்படாம நான் சொல்றபடி செய்யுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டேன். பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த என் மனைவி மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். வீட்டில் இந்த ஓர் அறையில்தான் வெளிச்சம் வரும். அதனால் அவளுடைய தையல் மெஷினும் என் மேசையும் பல வருடமாக இடித்துக்கொண்டு கிடக்கின்றன. கம்ப்யூட்டரை அணைத்து, வயர்களைக் கழற்றி, மிச்சமிருக்கும் மின்சாரம் போகட்டும் என்று பவர் பட்டனை அழுத்திப் பிடித்தோம். சூடு ஆறியதும் பெட்டியைப் பால்கனிக்குத் தூக்கிப்போய்ப் பக்கத் தகட்டைத் திறந்தேன். உள்ளே விசிறி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பஞ்சு மூட்டைதான் இருந்தது.

"மொதல்ல பெட்டியோட இரும்பத் தொடுங்க, ஒடம்புல இருக்கற கரண்ட் எறங்கட்டும்" என்றார் டாக்டர். "ஈரத்துணி ஆகாது. வாயால ஊதாதீங்க, எச்சில் தெறிக்கும். காஞ்ச பிரஷ் இருக்கா?"

மெஷினில் சேரும் பிசிறைத் தட்டுகிற பிரஷ்ஷையும் சின்ன இடுக்கியையும் அவள் கொண்டுவந்தாள். விசிறி சுற்றாமல் நான் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள, அவள் மெல்லத் தட்டி எடுத்தாள். அடியில் சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடுகள் பளிச்சென்று தெரிந்தன. இரண்டு பேருக்கும் மாறி மாறித் தும்மல். எல்லாம் முடிந்தது என்று நான் நிமிர்ந்தால், இவள் தையல் மெஷினுக்குச் செய்கிற வழக்கப்படி எண்ணெய்க் குப்பியைத் திறந்துகொண்டிருக்கிறாள்.

"ஏய், ஏய்!"

"என்னாச்சு?" என்று போனில் டாக்டர் பதறினார்.

"விசிறிக்கு எண்ணெய் விடப் போறா."

"அம்மா தாயே, வேண்டாம்மா!"

"விடலன்னா கிரீச்னு கத்தாதா?"

"அது கத்தாது. நான்தான் கத்துவேன்."

அவள் சிரித்தபடி குப்பியை மூடினாள். அப்புறம் செய்தித்தாளில் சேர்ந்திருந்த பஞ்சைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது. அத்தனையும் நீலம், அவள் தைக்கிற பள்ளிச் சீருடையின் கருநீலம்.

"என் துணிப் பிசிறுதாங்க உங்க கம்ப்யூட்டர அடைச்சிருக்கு. மெஷின சமையல்கட்டுப் பக்கம் போட்டுக்கறேன்."

"அங்க வெளிச்சமே கெடையாது. ஊசியில நூல் கோக்கக்கூட முடியாது."

"லைட் போட்டுக்கறேன். உங்க வேலை கெடக் கூடாது."

நான் சும்மா இருந்த அந்த இரண்டு வருடமும் எங்களுக்குச் சோறு போட்டது இந்த நீலம்தான். இடுப்புவலியோடு அவள் தைத்தாள். ஒரு நாள்கூடச் சொல்லிக்காட்டியதில்லை. கும்பிடலாம் போலிருந்தது. அதைச் சொல்லத் தெரியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

வயர்களைச் செருகிப் பட்டனை அழுத்தினேன். விசிறி சத்தமே இல்லாமல் சுற்றியது. கடைசி அத்தியாயத்தை முடிக்கும்வரை திரை ஒரு தடவைகூடக் கறுக்கவில்லை. வெயில் சாய்வதற்குள் முடித்த பக்கங்களை அச்சகத்துக்கு அனுப்பத் தொடங்கினேன். அவளோ தைக்காமல், மடியில் ஒரு சட்டையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி இருந்தாள்.

"ஏன், தைக்கலையா?"

"பஞ்சு பறக்குமே. மொதல்ல உங்க புத்தகம் போய்ச் சேரட்டும்."

"பறந்தா என்ன? மாசா மாசம் தொறந்து தட்டிக்கலாம். நான் விசிறியப் பிடிச்சுக்கறேன், நீ தட்டு. மெஷின் இங்கதான் இருக்கணும்."

அவள் சட்டையை ஊசிக்கு அடியில் விட்டு, காலை மிதியில் வைத்தாள். ஜன்னல் வெயிலில் ஒரு நீலப் பிசிறு எழும்பி, மெதுவாக மிதந்து என் பக்கம் வந்தது.