காதைத் தொட்டது யார்

என் அக்கா சஞ்சீவனி தன் பிள்ளையின் காதைத் திருகுகிறாள் என்று பாலர் பாடசாலை டீச்சர் முறைப்பாடு கொடுத்திருந்தார்.

பிள்ளை மிதுர்ஷாவுக்கு நாலு வயது. பாடசாலை நாட்களில் இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் அவளுடைய இரண்டு காதும் கோவைப்பழமாகச் சிவந்துவிடும். அதோடு அரிப்பு, அழுகை, கிட்ட வருகிறவர்களைக் கடிப்பது. அதைப் பார்த்துத்தான் டீச்சர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வந்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளவும் இல்லை. தோட்டத்து ஆக்கள் பிள்ளை வளர்க்கிற விதம் இதுதான் என்று மற்றத் தாய்மாரிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் அப்பாவும் அம்மாவும் ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். அக்கா கண்டி நகரில் புடவைக் கடையில் நிற்கிறாள். நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவள். ஆனாலும் நாங்கள் அந்த டீச்சருக்கு இன்னும் தோட்டத்து ஆக்கள்தான்.

அக்காவுக்குப் பயம் டீச்சர் மேல் இல்லை. கெலிஓயாவில் இருக்கும் மாமியார் வீட்டார் மேல்தான். புருஷன் விட்டுப் போன நாளிலிருந்து பிள்ளையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அடிக்கிறவள் என்று ஒருமுறை எழுதிவிட்டால் போதும், அவர்களுக்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

அக்கா காது சிவப்பதை உடம்புச் சூடு என்றுதான் நினைத்தாள். சூட்டுக்குக் குளிர்ச்சி. அதனால் கடையில் வாங்கிய சிவப்புச் சர்பத்தைக் கரைத்து, பாடசாலைத் தண்ணீர்ப் போத்தலில் நிரப்பி அனுப்பினாள். காது கூடச் சிவந்தால் சர்பத்தும் கூடும். எனக்கு இது தெரிந்ததே போன வெள்ளிக்கிழமைதான். அன்றைக்கே இருவரையும் டொக்டர் அனீஸாவிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டொக்டர் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்குச் சாயம் போட்ட சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், சிலருக்குக் குளிக்கிற சவர்க்காரம், சிலருக்கு வாசனைச் சாமான், சிலருக்கு வேறு ஏதாவது என்றார். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கச் சொன்னார். அக்கா உடனே சர்பத்தை நிறுத்தினாள். எனக்கோ அந்தச் சிவப்புத் தண்ணீரைப் பார்த்ததுமே விஷயம் முடிந்துவிட்டது. வேறொன்றையும் நான் யோசிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, முறைப்பாட்டு விசாரணை. பாடசாலையில் பிள்ளைகள் இல்லை. சின்னக் கதிரைகளில் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தோம். சிவமணி டீச்சர் தன் மேசைக்குப் பின்னால். பக்கத்தில் சிறுவர் உத்தியோகத்தர் கிருஷ்ணராஜ், கையில் பேனாவோடு. மிதுர்ஷா தரையில் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். காது இரண்டும் சாதாரணமாக இருந்தன.

டொக்டர் சொன்னதை நான் சொன்னேன். சர்பத்தை நிறுத்திவிட்டோம், இரண்டு கிழமை, பதினாலு நாள் பாருங்கள், காது சிவக்காது என்றேன்.

கிருஷ்ணராஜ் பேனாவை மூடினார். "தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. இப்ப முறைப்பாடு வந்திருக்கு. உங்க அக்கா பயத்துல கை வைக்காம இருந்தாலும் காது சிவக்காதுதானே? அதை வச்சு நான் என்னத்த எழுதுறது?"

சிவந்தாலும் அக்கா குற்றவாளி, சிவக்காவிட்டாலும் குற்றவாளி. டீச்சர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் கைப்பையைத் திறந்து போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன். வீட்டில் மிஞ்சியிருந்த சர்பத்தைக் காலையிலேயே கரைத்து மறைத்துக் கொண்டுவந்திருந்தேன்.

"எல்லாருக்கும் முன்னால குடிக்கட்டும்," என்றேன். "யாரும் அவளைத் தொட வேணாம். சிவக்குதான்னு பாருங்க."

அக்கா என் கையைப் பிடித்தாள். "வேணாம்டி. அரிச்சா அவ தாங்கமாட்டா."

"உன் புள்ள உன்கிட்ட இருக்கணுமா, வேணாமா?"

அவள் கையை எடுத்துவிட்டாள். அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். மிதுர்ஷா சந்தோஷமாக ஓடி வந்தாள். ஒரு நாள் நிறுத்திய சர்பத்து திரும்பக் கிடைத்த ஆசையில் மடமடவென்று குடித்தாள். வாய், நாடி, கழுத்து எல்லாம் சிவப்பாக வழிந்தது. பிறகு கட்டைகளிடம் போய்விட்டாள்.

நாங்கள் நாலு பெரியவர்களும் ஒரு பிள்ளையின் காதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

வெளியே மடவளை பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. கிருஷ்ணராஜ் போனைப் பார்த்தார். டீச்சர் யன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அக்கா பிள்ளையைப் பார்க்கவில்லை, தன் உள்ளங்கையையே பார்த்தாள். சிவக்கட்டும் என்று நான் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். காதுகள் அப்படியே இருந்தன. கட்டைக் கோபுரம் இரண்டு தரம் விழுந்து மறுபடி எழுந்தது. அப்போதும் அப்படியே இருந்தன.

கொஞ்சம் பொறுங்கள், நேரமெடுக்கும் என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

"பொறுத்தது காணும்," என்றார் டீச்சர். "பிள்ளை பிசுபிசுத்துப்போய் நிக்குது. அதையாவது பாருங்கோவன்."

மேசை லாச்சியிலிருந்து ஈரக் காகிதத் துடைப்பான் பக்கெற்றை எடுத்தார். ஒன்றை உருவியதும் அறை முழுக்கச் செயற்கை ரோஜா வாசம். பிள்ளையை மடியில் சாய்த்து வாயைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், பழகிய கையோடு வலது காதின் முன்னும் பின்னும் இழுத்துத் துடைத்தார். மற்றப் பக்கம் போவதற்குள் மிதுர்ஷா நழுவிக் கட்டைகளிடம் ஓடிவிட்டாள். டீச்சர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. பிள்ளைகளை விரும்புகிறவர்தான், அதையும் சொல்ல வேண்டும்.

கிருஷ்ணராஜ் பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார். அக்கா அழவில்லை. கெலிஓயாவுக்கு அனுப்பினால் கிழமையில் எத்தனை நாள் பார்க்க விடுவார்கள் என்று மெதுவாகக் கேட்டாள். அவர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தபோது மிதுர்ஷா கையிலிருந்த கட்டையைச் சுவரில் எறிந்தாள். காதைச் சொறியத் தொடங்கினாள்.

காது சிவந்திருந்தது.

நான் துள்ளி எழுந்தேன். பாருங்கள், சர்பத்துதான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சிவந்தது வலது காது மட்டும். மடலும் அதன் பின்னாலும், துடைப்பான் போன வழியெல்லாம் நெருப்பு. இடது காது வெளுத்தபடியே இருந்தது. குடித்த சர்பத்து ஒரு காதை மட்டும் தேடிப் போகுமா?

கிருஷ்ணராஜ் இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தார். பிறகு டீச்சரின் கையைப் பார்த்தார். துடைப்பான் இன்னும் அவர் விரல்களுக்குள் கசங்கிக்கொண்டிருந்தது.

"இதால எல்லா நாளும் துடைப்பீங்களா டீச்சர்?"

டீச்சர் துடைப்பானை மேசையில் வைத்தார். "இடைவேளை முடிய எல்லாப் பிள்ளையளுக்கும் துடைக்கிறனான். சுத்தமா இருக்கட்டும் எண்டுதான். வேற ஒருத்தருக்கும் ஒண்டும் வரேல்லையே."

"அக்கா அடிக்கலைன்னு சொல்லுங்க," என்றேன்.

"அதுதான் விளங்கீட்டுதே பிள்ளை."

"விளங்குனது போதாது. மத்த அம்மாமார்கிட்ட வாயால சொன்னீங்கதானே? இங்கயும் வாயால சொல்லுங்க. இவரு எழுதட்டும்."

கிருஷ்ணராஜ் எழுதியிருந்ததைக் கோடு போட்டு வெட்டிவிட்டுக் காத்திருந்தார். பிள்ளையின் அழுகை கூடிக்கொண்டே போனது. டீச்சர் அக்காவைப் பார்க்க முயன்றார், முடியவில்லை. யன்னலைப் பார்த்துச் சொன்னார்:

"தாய் அடிக்கேல்லை. என்ர பிழை."

எழுதிய பேனாவின் சத்தத்தைக் கேட்டு நான் முதுகை நிமிர்த்தினேன். வென்றுவிட்டோம் என்று அக்காவிடம் சொல்லத் திரும்பினேன். அவள் அங்கே இல்லை. வெளியே பைப்படியில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி அந்தக் காதை நனைத்துக்கொண்டிருந்தாள். வா அக்கா, உள்ளே வந்து நீயே கேள் என்று கூப்பிட்டேன்.

அவள் பைப்பை மூடினாள். முந்தானையால் காதை ஒற்றினாள்.

"அந்த டீச்சராவது தெரியாம செஞ்சுச்சு," என்றாள். "நீ அரிக்கும்னு நெனச்சுக்கிட்டே குடுத்த."

எனக்காக நிற்காமல் பஸ் தரிப்பிடத்துக்கு இறங்கிப் போனாள்.