நம்பிக்கை இல்லாத தீர்மானம்

1

இந்தக் கதை ஒரு சொல்லைப் பிரித்துப் படித்ததில் பிறந்தது. தலை நரைத்த பிறகு எழுத்துக் கூட்டக் கற்றவன் நான். மாலை வகுப்புப் புத்தகத்தில் பல நாட்டு நாடாளுமன்றங்களைப் பற்றி ஒரு பாடம். அதிலிருந்த ‘நம்பிக்கையில்லாத் தீர்மானம்’ என்பதை, எடுத்தவனுக்கே நம்பிக்கை இல்லாமல் எடுத்த தீர்மானம் என்று புரிந்துகொண்டேன்.

டீச்சர் சிரித்தார். “இல்லைங்க, பிரதமர் மேல சபைக்கு நம்பிக்கை போயிடுச்சுன்னு அர்த்தம். பாதிப் பேருக்கு மேல அப்படிச் சொன்னா அவர் இறங்கணும்.”

வீட்டுக்கு வந்தும் என் அர்த்தம்தான் சரியாகப் பட்டது.

2

எப்படித் தொடங்குவது? ‘கிடங்கில் மூட்டைகள் மலைபோல்…’ (வேண்டாம். மலையை நான் சுமந்ததில்லை.) ‘மேஸ்திரி நல்லவர், ஆனால்…’ (அந்த ‘ஆனால்’ எங்கே இழுத்துப் போகும் என்று தெரியும்.)

நேராகச் சொல்கிறேன். கிடங்கில் மூட்டை தூக்கும் நாங்கள் மேஸ்திரியைக் கைதூக்கித் தேர்ந்தெடுப்போம். யாருக்குத் தரைத்தளம், யாருக்கு மாடி என்று பிரித்துவிடுவது அவர் வேலை. அவர் தூக்க வேண்டியதில்லை. இப்போதைய மேஸ்திரி என் தங்கை புருஷன். தோள்பட்டை போன ஆள். வேண்டியவர்களுக்குத் தரைத்தளம் கொடுத்தார், வேண்டாதவர்களை மாடிக்கு விரட்டினார். ஏறி ஏறி, எங்களோடு மூட்டை தூக்கும் நெட்டையனுக்கு முழங்கால் வீங்கிவிட்டது.

“உங்க மச்சானை இறக்கணும்ணே,” என்றான் அவன். “நாடாளுமன்றத்துல எப்படிச் செய்வாங்கன்னு படிச்சீங்களே. நீங்கதான் சபாநாயகர்.”

அன்றே தங்கை போன் செய்தாள். “அண்ணே, அவரால இனிமே மூட்டை தூக்க முடியாது. இதுவும் போனா வீட்டுல முடங்க வேண்டியதுதான்.”

3

அதனால் ஜெர்மனியைக் கொண்டுவந்தேன். அங்கே பிரதமரைச் சும்மா இறக்க முடியாது. அடுத்தவர் யார் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும். இவர்கள் ஒரு பெயரில் ஒத்துப்போகவே மாட்டார்கள் என்று நினைத்தேன்.

நெட்டையன் யோசிக்கவேயில்லை. “நீங்கதாண்ணே.”

(இங்கே ‘பதறிப்போனேன்’ என்று எழுதி, அடித்துவிட்டேன். என் முதுகு பதறவில்லை. இனித் தூக்க வேண்டாமே என்று அதற்குச் சந்தோஷம்.)

4

சாப்பாட்டு நேரத்தில், எடைமேடை அருகே ஓட்டெடுப்பு. “அ, ஆ எழுதின கைவலியே தீரலை, அதுக்குள்ள சபாநாயகர்!” என்றாள் கிழிந்த மூட்டை தைக்கிற அக்கா.

இறக்கச் சொல்லிப் பாதிக் கைகள் உயர்ந்தன. வேண்டாம் என்று மீதிப் பாதி, மேஸ்திரியின் கையோடு சேர்த்து. சரிபாதி. போடாத ஓட்டு என்னுடையது மட்டும்.

5

இனி முடிவுகள். ஜெர்மனி வழி என்றால் பாதி போதாது, மச்சான் தப்பினார். பிரிட்டனில் சரிபாதி வந்தால் சபாநாயகர் ஓட்டுப் போடுவார். ஆனால் இருப்பது இருக்கட்டும் என்ற பக்கம் போடுவதுதான் வழக்கம். ஸ்வீடனில் ஒரு காலத்தில் சபை சரிபாதியாகப் பிரிந்திருந்ததாம். ஓட்டு சமமானபோது சீட்டுக் குலுக்கினார்களாம்.*

எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். “அங்கெல்லாம் யாரும் வீங்கின காலோட மாடி ஏறலைண்ணே,” என்றான் நெட்டையன். “நீங்களும் எங்களோட தூக்குற ஆளு. உங்க கையும் ஒரு கைதானே?”

இன்னொரு முடிவும் எழுதினேன். நான் மேஸ்திரியாகி, மாடி வேலையை எல்லோருக்கும் முறைவைத்துப் பிரித்து, சாயங்காலம் தங்கை வீட்டு வாசலில் போய் நின்று… (பேனா அங்கேயே நின்றுவிட்டது.)

எந்தப் பக்கம் முடித்தாலும் அது நான் முதலில் படித்த தீர்மானமாகத்தான் இருக்கும். ஆகவே உங்களிடம் விடுகிறேன். சீக்கிரம் சொல்லுங்கள். மற்றவர்கள் கையை இறக்கிவிட்டார்கள். மேஸ்திரி மட்டும் வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துத் தூக்கியபடியே நிற்கிறார்.

“கீழ போடுங்க மேஸ்திரி, எண்ணியாச்சு,” என்கிறான் நெட்டையன்.

“மச்சான் இன்னும் சொல்லலையே,” என்கிறார் அவர், என்னைப் பார்த்து.

* சீட்டுக் குலுக்கலாம் என்றதும் அக்கா கேட்டாள்: “குலுக்குற கை யாரோடது?”